குளம் வற்றும் முன்: வரட்சியில் திருகோணமலை நகரின் தண்ணீரைக் காப்பாற்ற ஒரு வழிகாட்டி

மே மாதம் கச்சான் என்ற வரண்ட தென்மேற்குக் காற்று எழும்பினால் திருகோணமலையில் எல்லாம் காயும். கொடியில் போட்ட சேலை அரை மணித்தியாலத்தில் மொறமொறத்துப் போகும். கிணற்று வாளிக் கயிற்றுக்கு இன்னொரு முழம் கட்ட வேண்டி வரும். அதே காற்று கந்தளாய்க் குளத்தின் மேலாலும் வீசுகிறது என்று அப்போது யாரும் நினைப்பதில்லை. ஓகஸ்ட் மாதம் குழாயைத் திறந்தால் புஸ் என்று காற்று மட்டும் வரும்போதுதான் ஞாபகம் வரும். உடனே கூட்டம் போடுவோம், மகஜர் எழுதுவோம், தண்ணீர் கொண்டுவரும் பவுசர் வண்டி கேட்போம். மூன்றும் பிந்திய வேலைகள். வரட்சிக்கான வேலை பெப்ரவரியில், குளம் நிறைந்து கிடக்கும்போது தொடங்க வேண்டும். அப்போதுதான் அதைப் பற்றிப் பேசினால் ஆட்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

நான் பொறியியலாளன் இல்லை. எங்கள் ஒழுங்கையில் சில வருடம் தண்ணீர்க் குழுவுக்குக் கணக்கு எழுதியவன். சனசமூக நிலையம், கிராம அபிவிருத்திச் சங்கம், கோயில் அல்லது பள்ளிவாசல் நிர்வாகம், உள்ளூராட்சி உறுப்பினர் என்று ஊர்ப் பொறுப்பில் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். பம்பு ஓட்டுவது வோட்டர் போட்டின், அதாவது தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் வேலை. எந்த மாதத்தில் எந்தக் கேள்வியைக் கேட்பது, எங்கள் பக்கத்தில் எதைச் செய்து வைப்பது என்பது எங்கள் வேலை.

தண்ணீர் வரும் வழியை முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

நகரத்துக் குழாய்த் தண்ணீர் சுமார் 40 கிலோமீற்றர் தள்ளியிருக்கும் கந்தளாய்க் குளத்திலிருந்து சுத்திகரித்து அனுப்பப்படுகிறது. குளக்கோட்டன் என்ற அரசன் கட்டியது என்று நாங்கள் சொல்லும் இந்தக் குளம், தன் மேல் பெய்யும் மழையை மட்டும் நம்பி இல்லை. 1976இல் கண்டிக்கு அருகே பொல்கொல்லையில் திருப்பப்பட்ட மகாவலித் தண்ணீர் அம்பன் கங்கையில் சேர்ந்து, 2018இல் திறக்கப்பட்ட மொறகஹகந்த நீர்த்தேக்கம், எலஹெர, மின்னேரியா, கவுடுல்ல என்று ஒன்றன் பின் ஒன்றாக இறங்கி வருகிறது. அந்த வரிசையின் கடைசியில்தான் கந்தளாய். கந்தளாய்க் குழாயின் கடைசியில் நாங்கள்.

அதனால் திருகோணமலையில் மழை பெய்ததா என்று பார்ப்பது பாதிக் கணக்குத்தான். மலைநாட்டில் மழை குறைந்தால், மேலே உள்ள குளங்கள் தங்கள் வயலுக்குப் பிடித்துக்கொண்டு மிச்சத்தைத்தான் விடும். 2016இல் மழை பொய்த்து 2017 வரை இழுபட்ட வரட்சி நாட்டின் பெரும்பகுதியை அடித்தது இப்படித்தான். இன்னொரு பக்கம், கட்டு உடைந்தாலும் ஆபத்து: 1986 ஏப்ரல் 20ஆம் திகதி கந்தளாய் அணைக்கட்டு உடைந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். ஒரு நகரம் ஒரே கட்டை நம்பி இருக்கிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

ஒரு தாளில் இந்தச் சங்கிலியை வரையுங்கள். ஒவ்வொரு கண்ணிக்கும் பக்கத்தில் யாரிடம் கேட்பது என்று எழுதுங்கள்: நீர்ப்பாசனத் திணைக்களம், மகாவலி அதிகாரசபை, தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை, பிரதேச செயலகம். அழைப்பு எண்களில் இரண்டு எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டியவை: வோட்டர் போட் 1939, அனர்த்த முகாமைத்துவ நிலையம் 117.

அடிக்கணக்கை விடுங்கள், நாட்கணக்கைக் கேளுங்கள்

“குளத்தில் இன்னும் பாதித் தண்ணி கிடக்கு” என்ற கதையை நம்பாதீர்கள். குளம் பீங்கான் கோப்பையின் வடிவம். மேலே ஒரு அடியில் இருக்கும் தண்ணீர் அடியில் ஒரு அடியில் இராது. உயரத்தில் பாதி என்றால் கொள்ளளவில் பாதியை விட நன்றாகக் குறைவு. அதிலும் மதகுக்குக் கீழே கிடப்பதை எடுக்க முடியாது. ஆகவே கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: எடுக்கக்கூடிய தண்ணீர் எத்தனை நாளைக்கு?

கணக்கு இலகு. எடுக்கக்கூடிய அளவை ஒரு நாள் செலவால் பிரிக்க வேண்டும். செலவில் மூன்று பேர் பங்காளிகள்: நகரம், வயல், வெயில். வெயிலை எல்லோரும் மறப்பார்கள். உலர் வலயத்தில் காற்றும் வெயிலும் சேர்ந்தால் நாளொன்றுக்கு 5 மில்லிமீற்றர் அளவு ஆவியாகும். ஒரு ஹெக்டேயர் நீர்ப்பரப்பில் அது 50,000 லீற்றர்.

ஒரு கற்பனைக் குளத்தை வைத்துப் போட்டுப் பார்ப்போம். எடுக்கக்கூடிய தண்ணீர் 120 இலட்சம் கன மீற்றர், நீர்ப்பரப்பு 600 ஹெக்டேயர், நகரத்தின் நாட்செலவு 30,000 கன மீற்றர். வெயில் குடிப்பதும் அதே 30,000. ஆக நாளுக்கு 60,000. 200 நாட்கள் தாங்கும். ஏப்ரல் முதலாம் திகதி எண்ணத் தொடங்கினால் ஒக்டோபர் நடுப்பகுதி வரும், ஐப்பசி மழையைத் தொட்டுவிடலாம். அதே குளத்தில் வயலுக்கு நாளுக்கு 100,000 திறந்தால்? 75 நாட்கள். ஜூன் நடுப்பகுதியில் முடிந்தது. தண்ணீர் வற்ற வற்றப் பரப்புச் சுருங்கி ஆவியாதலும் குறையும் என்பதால் உண்மைக் கணக்கு கொஞ்சம் வேறுபடும். ஆனால் கூட்டத்தில் பேச இந்த அளவு போதும்.

இந்தக் கணக்கை எங்கே கொண்டுபோவது? கோடை நெல்லான சிறுபோகத்துக்கு முன்பு நடக்கும் பயிர்ச்செய்கை ஆரம்பக் கூட்டத்துக்கு. நகரத்து ஆட்கள் அது வயற்காரரின் கூட்டம் என்று நினைத்துப் போவதில்லை. எத்தனை ஏக்கர் விதைப்பது, எந்தத் திகதியில் மதகு திறப்பது என்று முடிவாகும் இடம் அது. எங்கள் ஓகஸ்ட் மாதத் தண்ணீர் மார்ச்சில் அங்கேதான் பங்கு பிரிக்கப்படுகிறது.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். விவசாயியோடு மல்லுக்கு நிற்கப் போகாதீர்கள். கந்தளாயும் தம்பலகாமமும் விதைக்காவிட்டால் எங்கள் சோற்றுப் பானைக்குத்தான் சேதம். ஒரு ஏக்கர் நெல்லுக்குப் போகம் முழுவதும் நாலடி உயரத் தண்ணீர் என்று வைத்தால் ஏறக்குறைய 4,900 கன மீற்றர். மாதம் 20 கன மீற்றர் எடுக்கும் 20 வீடுகளின் ஒரு வருடத் தண்ணீர் அது. ஆகவே கேட்பது சிறியது: வரட்சி ஆண்டில் விதைக்கும் பரப்பை முன்கூட்டியே குறைக்கட்டும், குறைந்த நாள் நெல் போடட்டும், குடிநீருக்கான அளவை முதலில் ஒதுக்கிவிட்டு மிச்சத்தைப் பங்கிடட்டும். விதைத்த பிறகு மதகை மூடு என்று கேட்பது பாவம். கதிர் வரும் நேரம் தண்ணீர் நின்றால் செலவழித்த தண்ணீரும் வீண், விளைச்சலும் வீண்.

கோடுகளை முன்கூட்டியே கீறுங்கள்

எத்தனை நாள் மிச்சம் என்றால் என்ன செய்வது என்பதை நிதானமாக இருக்கும்போதே எழுதி ஒட்ட வேண்டும். எங்கள் குழு வைத்திருந்த கோடுகள் இவை. உங்கள் இடத்துக்கு ஏற்றபடி மாற்றுங்கள்.

180 நாளுக்குக் கீழே: ஹோஸ் பிடித்து வாகனம் கழுவுவது, முற்றத்துக்கு அடிப்பது நிற்கும். ஒழுக்குத் தேடும் வேலை தொடங்கும்.
120 நாள்: இரவில் அழுத்தம் குறைப்பு, புதுக் கட்டடங்களுக்குக் குழாய்த் தண்ணீர் இல்லை, ஹோட்டல்களோடு தனிப் பேச்சு.
60 நாள்: ஆளுக்கு இத்தனை லீற்றர் என்ற வரம்பு, பவுசர் இடங்கள் தயார்.

ஒவ்வொரு வரிக்கும் எதிரே யார் செய்வது என்று ஒரு பதவியின் பெயர் இருக்க வேண்டும். “சம்பந்தப்பட்டோர்” என்று எழுதினால் ஒருவரும் சம்பந்தப்பட மாட்டார்.

தென்னாபிரிக்காவின் கேப் டவுன் நகரம் 2018 பெப்ரவரி முதலாம் திகதியிலிருந்து ஆளுக்கு நாளுக்கு 50 லீற்றர் என்று வரம்பு போட்டது. குழாய்கள் மூடப்படும் நாள் எது என்ற கணக்கையும் முன்கூட்டியே வெளியில் சொன்னார்கள். அந்த நாள் வரவேயில்லை. அணைகளின் நிலை கிழமைக்குக் கிழமை மக்களுக்குத் தெரிந்திருந்தது ஒரு பெரிய காரணம். நாங்களும் சந்தைக்கு முன்னாலும் பஸ் நிலையத்திலும் ஒரு பலகை வைத்து “இன்னும் இத்தனை நாள்” என்று எழுதலாம். சோக்கட்டிச் செலவுதான்.

இரவு இரண்டு மணிக்கு ஒழுக்குத் தேடுதல்

புதுத் தண்ணீர் தேடுவதை விட நிலத்துக்குள் ஓடுவதைப் பிடிப்பது மலிவு. இரவு இரண்டுக்கும் நாலுக்கும் இடையில் ஊர் தூங்கும். அந்த நேரத்தில் ஒரு பகுதிக்குள் போகும் தண்ணீரை மீற்றரில் பார்த்தால், வீட்டுத் தாங்கி நிரம்புவது போகப் பெரும்பகுதி ஒழுக்குத்தான். வோட்டர் போட்டிடம் அந்த இரவுக் கணக்கைப் பகுதி பகுதியாகக் கேளுங்கள். கூடிய இடத்தில் முதலில் தேட வேண்டும்.

தேடும் விதத்தை எனக்குக் காட்டியவர் லைன் வேலையில் நரைத்துப்போன ஒரு அண்ணன். கையில் மூன்றடி இரும்புக் கம்பி. ஒரு முனையை வால்வின் தலையில் ஊன்றினார், மறுமுனையில் பெருவிரலை வைத்து, விரல் மேல் காதைச் சாய்த்தார்.

“தம்பி, வந்து காதை வை. கேக்குதா?”

முதலில் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு மெதுவாக, பால் பொங்குவதற்கு முன் சட்டியில் வரும் ஒரு இரைச்சல்.

“இரையுது அண்ணன்.”

“வீட்டுப் பைப் ஓடினா விட்டு விட்டுக் கேக்கும். இது மூச்சு விடாம இரையுது பார். ஒழுக்கு.”

அடுத்த வால்வில் சத்தம் கூடியது, அதற்கடுத்ததில் குறைந்தது. இரண்டுக்கும் நடுவில், வடிகான் ஓரமாக, கோடையிலும் பச்சையாகப் புல் நின்ற ஒரு இடம். தோண்டினால் இணைப்பு வாய் பிளந்து கிடந்தது. அந்தப் புல்லைத் தாண்டி நான் தினமும் கடைக்குப் போய் வந்திருக்கிறேன்.

பச்சைப் புல், எப்போதும் ஈரமான மதில் அடி, மழையில்லாமல் ஓடும் கான்: இந்த மூன்றையும் பிள்ளைகளிடம் சொல்லி வையுங்கள். கண்டால் படம் எடுத்து இடத்தோடு 1939க்குச் சொல்லி, முறைப்பாட்டு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். எண் இல்லாத முறைப்பாடு காற்றில் போகும்.

வீட்டுக்குள்ளும் இதே வேலை உண்டு. படுக்கப் போகும்போது மீற்றரைப் படம் எடுங்கள். இரவு யாரும் தொடாமல் காலையில் பாருங்கள். எண் நகர்ந்திருந்தால் ஒழுக்கு. பெரும்பாலும் மலசலகூடத் தொட்டிதான் கள்ளன்; தொட்டிக்குள் கொஞ்சம் கலரிங் ஊற்றிவிட்டு, தண்ணீர் அடிக்காமலே கோப்பையில் நிறம் இறங்குகிறதா என்று பாருங்கள்.

பங்கீடு: சமமாகக் கொடுத்தால் சமமாகப் போய்ச் சேராது

இந்த இடத்தில்தான் ஊர் சண்டை பிடிக்கும். எல்லோருக்கும் காலை இரண்டு மணித்தியாலம் என்று அறிவித்தால் கேட்க நியாயம். நடப்பது வேறு. பள்ளத்தில் இருப்பவரின் தாங்கி அரை மணித்தியாலத்தில் நிரம்பும். உவர்மலை போன்ற மேட்டில் இருப்பவருக்கும் லைனின் கடைசி வீட்டுக்கும் அழுத்தம் ஏறுவதற்குள் நேரம் முடிந்துவிடும். போதாததற்குச் சிலர் லைனிலேயே மோட்டாரைப் பூட்டி இழுப்பார்கள். அது அனுமதியில்லாத வேலை மட்டுமல்ல, பக்கத்து வீட்டின் தண்ணீரோடு கானின் ஊத்தையையும் ஒழுக்கு வழியாகக் குழாய்க்குள் இழுக்கும்.

இயன்றவரை முழுதாக மூடித் திறப்பதைத் தள்ளிப்போடச் சொல்லுங்கள். குழாய் வெறுமையானால் வெளி அழுக்கு உள்ளே வரும், மறுபடி திறக்கும்போது காற்று அடித்துப் பழைய இணைப்புகள் பிளக்கும். முதலில் இரவு அழுத்தத்தைக் குறைப்பது நல்லது. அழுத்தம் குறைந்தால் ஒழுக்கும் குறையும். மூடித்தான் ஆக வேண்டுமென்றால், மேட்டுப் பகுதிக்குத் தனி நேரம், நீண்ட நேரம். திறந்ததும் வரும் முதல் தண்ணீரைக் குடிக்கப் பிடிக்காமல் மலசலகூடத்துக்கும் மரத்துக்கும் விடுங்கள்.

நேரம் குறித்துப் பார்க்க ஒழுங்கைக்கு ஒரு ஆள் போடுங்கள். கடைசி வீட்டில் எத்தனை மணிக்கு வந்தது, ஒரு வாளி நிரம்ப எத்தனை நிமிடம் என்று ஒரு கொப்பியில். எங்கள் ஒழுங்கையில் கடைசி வீட்டு அக்கா எழுதிய கொப்பிதான், மூன்று மகஜர்கள் செய்யாததைச் செய்தது. வால்வைத் திறக்கும் வரிசையை மாற்றினார்கள்.

ஆஸ்பத்திரி, சிறுநீரகச் சுத்திகரிப்புப் பிரிவு, பிரசவ விடுதி ஆகியவற்றுக்கு எந்தக் கோட்டிலும் வெட்டு இல்லை. பாடசாலையில் தண்ணீர் இல்லையென்றால் வயது வந்த பெண்பிள்ளைகள்தான் முதலில் வராமல் நிற்பார்கள்; அதை மறக்காதீர்கள்.

ஹோட்டல் விடயம் எங்கள் ஊருக்கே உரிய தலையிடி. நிலாவெளி, உப்புவெளிக் கடல் அமைதியாகிச் சுற்றுலாப் பயணிகள் குவிவது மே முதல் செப்டெம்பர் வரை, சரியாக வரட்சியின் நெஞ்சில். அவர்களை விரட்ட முடியாது, எத்தனையோ வீட்டுக்கு அதுதான் சம்பளம். நீச்சல் தடாகத்தைத் திரும்ப நிரப்புவதில்லை, துவாய் தினமும் துவைப்பதில்லை, தோட்டத்துக்குக் கழுவிய தண்ணீர் என்று எழுத்தில் வாங்குங்கள். அவர்களின் குழாய்க்கிணற்றுக்கும் கணக்குக் கேளுங்கள், காரணம் அடுத்ததில் இருக்கிறது.

கிணறு: மெதுவாக இறைத்தால்தான் இனிக்கும்

நிலாவெளியிலிருந்து நகரம் வரை கரையோர மணலில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல் மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஒரு மீற்றர் நல்ல தண்ணீர் நின்றால் கீழே சுமார் 40 மீற்றர் வரை நல்ல தண்ணீர் இருக்கும் என்பது பொதுக் கணக்கு. இதைத் திருப்பிப் பாருங்கள்: மேலே ஒரு முழம் இறங்கினால் கீழே உப்பு இருபது மீற்றர் ஏறப் பார்க்கும். பெரிய மோட்டாரைப் போட்டு ஒரே மூச்சில் இறைப்பவரின் கிணறு முதலில் உவர்க்கும், பிறகு பக்கத்து வளவினதும். உவர்த்த கிணறு ஒரு மாரியில் திருந்தும் என்று நிச்சயமில்லை. கொதிக்க வைத்தாலும் உப்புப் போகாது, இன்னும் கூடும்.

பெப்ரவரியிலேயே ஊர்க் கிணறுகளைப் பட்டியல் போடுங்கள். கோயில், பள்ளிவாசல், தேவாலயம், பாடசாலை, மூடிக் கிடக்கும் பழைய கட்டுக்கிணறு எல்லாம். கயிற்றில் கல் கட்டித் தண்ணீர் மட்டத்தை அளந்து, பேனா போன்ற சின்ன மின்கடத்துதிறன் மீற்றரால் உப்பையும் பார்த்து, கிழமைக்கு ஒரு நாள் ஒரே நேரத்தில் எழுதுங்கள். எண் தொடர்ந்து ஏறினால் இறைப்பைப் பாதியாக்குங்கள், சின்ன மோட்டாரால் காலையும் மாலையும் கொஞ்சம் கொஞ்சமாக. வரட்சி முற்றிய பிறகு ஆழமாகக் குழாய்க்கிணறு அடிப்போம் என்று ஒருவர் கட்டாயம் எழும்புவார். கரையோரத்தில் அது பெரும்பாலும் உப்பைக் கூப்பிட்டு வைப்பதுதான்.

பவுசர் கடைசி ஆயுதம்

50,000 பேருக்கு ஆளுக்கு 20 லீற்றர் என்றால் பத்து இலட்சம் லீற்றர். 10,000 லீற்றர் பவுசர் நாளுக்கு 100 நடை. ஒரு பவுசர் நாளுக்கு நாலு நடை ஓடினால் 25 பவுசர் வேண்டும். அத்தனை பவுசருக்கு எங்கே போவது? ஆகவே பவுசரைக் குழாய் எட்டாத மேட்டுக்கும் கடைசி ஒழுங்கைகளுக்கும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். சந்தியில் 1,000 லீற்றர் தாங்கிகளை மேடை கட்டி வைத்தால் பவுசர் ஊற்றிவிட்டுப் போய்விடும், ஆட்கள் வசதியான நேரத்தில் பிடிக்கலாம். நேரே பவுசரிலிருந்து பிடிப்பதென்றால் நிறைந்த கலனைத் தூக்க முடிந்தவனுக்குத்தான் தண்ணீர். தனியே இருக்கும் வயோதிபர், கர்ப்பிணி, மாற்றுத்திறனாளி வீடுகளைக் கிராம உத்தியோகத்தரோடு சேர்ந்து எழுதி, கொண்டுபோய்க் கொடுக்க இளம் பெடியளைப் பொறுப்பாக்குங்கள்.

எந்தத் தண்ணீர் என்று தெரியாத பவுசரில் குடிக்க வேண்டாம். 10,000 லீற்றருக்கு மூன்றில் ஒரு பங்கு குளோரின் உள்ள பவுடர் 60 கிராம் போட்டால் லீற்றருக்கு 2 மில்லிகிராம் வரும். அரை மணித்தியாலம் விட்டபின் பரிசோதித்தால் குறைந்தது 0.5 மில்லிகிராம் மிச்சம் நிற்க வேண்டும். பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் அதற்கான சோதனைப் பெட்டி இருக்கும். முதல் நாளே அழையுங்கள்.

ஒவ்வொரு வரட்சியிலும் தேநீர்க்கடையில் இரண்டு யோசனைகள் வரும். ஒன்று, சீனக்குடாவில் வெள்ளைக்காரன் கட்டிய 99 எண்ணெய்த் தாங்கிகளில் தண்ணீர் நிரப்பலாமே என்பது. எண்ணெய் மணக்கும் தேநீர் பிடிக்குமென்றால் சரி. மற்றது, 2019இல் சென்னைக்கு ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் கொண்டுபோனதுபோல நாங்களும் என்பது. எங்கள் ரயில் பாதை கந்தளாய் வழியாகத்தான் வருகிறது, எங்கள் குழாயும் அங்கிருந்துதான் வருகிறது. கந்தளாயில் இல்லாததை ரயில் எங்கிருந்து ஏற்றும்? கடல்நீரைச் சுத்திகரிப்பது மட்டும் பேசத் தகுந்தது. யாழ்ப்பாண மாவட்டத்துத் தாளையடியில் நாளுக்கு 24,000 கன மீற்றர் தரும் நிலையம் 2024 ஓகஸ்டில் திறக்கப்பட்டது. ஆனால் ஒரு கன மீற்றருக்கு மூன்று நாலு அலகு மின்சாரம் வேண்டும், கட்ட வருடங்கள் பிடிக்கும். வருகிற ஓகஸ்டுக்கு அது உதவாது.

வீட்டுக் கூரையில் 200 நாள்

60 சதுர மீற்றர் கூரையில் 100 மில்லிமீற்றர் மழை பெய்தால், சிந்தியது போக 4,800 லீற்றர் தாங்கிக்கு வரும். மார்கழியில் சில நாள் அடைமழையே இதைத் தந்துவிடும். 5,000 லீற்றர் தாங்கியைத் தை மாதக் கடைசியில் நிரப்பி மூடிவிட்டு, ஐந்து பேருள்ள வீட்டில் குடிக்கவும் சமைக்கவும் மட்டும் நாளுக்கு 25 லீற்றர் எடுத்தால் 200 நாள் வரும், ஓகஸ்ட் கடைசி வரை. குளிக்க எடுத்தால் ஒரு மாதம் தாங்காது. பீலியில் வரும் முதல் மழையை வெளியே விட வேண்டும், தாங்கிக்குள் வெளிச்சமும் நுளம்பும் போகக்கூடாது. பணமில்லாத நான்கு வீடு சேர்ந்து ஒன்று கட்டினாலும் போதும்.

குளித்த தண்ணீர் வாழைக்கும் தென்னைக்கும், அரிசி கழுவிய தண்ணீர் கறிவேப்பிலைக்கு. இதெல்லாம் எங்கள் அம்மம்மாருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

மழை வந்த அன்று

ஐப்பசியில் முதல் மழை இடித்ததும் வரம்பை எடுத்துவிடு என்று எல்லோரும் கத்துவார்கள். எடுக்காதீர்கள். காய்ந்த நிலம் முதல் மழையைத் தானே குடித்துவிடும். குளத்துக்கு வருவது சேறும் மாட்டுச்சாணியும் கலந்த கலங்கல். சுத்திகரிப்பு நிலையத்துக்கு வருடத்திலேயே கஷ்டமான கிழமை அதுதான். நாட்கணக்கு மறுபடி 120ஐத் தாண்டும் வரை பலகையும் வரம்பும் அப்படியே இருக்கட்டும். கிணறுகளை இறைத்துக் கழுவிக் குளோரின் போடுங்கள், பீலிகளில் கச்சான் கொண்டுவந்து அடைத்த சருகை வழியுங்கள். அப்புறம் கடைசி வீட்டு அக்காவின் கொப்பியை வாங்கிப் படம் எடுத்து வையுங்கள். மார்ச்சில் கூட்டத்துக்குப் போகும்போது கையில் வேண்டும்.